கிள்ளுப்பட்டை

திருவண்ணாமலை
6-2-2005

உ

என் கண்ணு கவிநிலாவுக்கு ஆயா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். வேலூரில் உன் அத்தை திரௌபதியின் மூத்தவன் மாறனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறானாம். நடுவுள்ளவன் அன்பரசன் பாலிடெக்னிக்கில் எல்லாப் பாடத்திலும் பாஸ், ஒன்றுகூட நிற்கவில்லை. கடைக்குட்டி எழில் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்திலேயே மூன்றாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறாள். எல்லாருக்கும் மேலே நீ. என் பேத்தி பெங்களூரில் டிசைன் படிக்கிறாள் என்று பூக்காரி சரசுவிடம் சொன்னேன். "டிசைன்னா புடவை டிசைனா பெரிம்மா?" என்று கேட்டாள். "புடவை இல்லடி, இன்னும் எவளும் கட்டிப் பாக்காத ஒன்னு" என்றேன். அன்றைக்கு முழத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அளந்தாள்.

பொங்கலுக்கு வந்து என் கையில் கட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றி எழுதச் சொன்னாய். கிள்ளுப்பட்டை என்று பேர் வைத்திருக்கிறேன். நீ சொன்ன இங்கிலீஷ் பேர் வாயில் நுழையவில்லை. இடது கையில், ரவிக்கைக்கு உள்ளே, தாயத்து கட்டுகிற இடத்தில் இருக்கிறது. வெளியே தெரியாது. நான் இங்கே இரண்டு விரலால் கிள்ளினால் பெங்களூரில் உன் கையில் இருக்கிற பட்டை குறுகுறுக்கும், நீ கிள்ளினால் என்னுடையது. எத்தனை நேரம் அழுத்துகிறோமோ அத்தனை நேரம். வார்த்தை கிடையாது. டெலிபோன் பக்கத்தில் நீ வைத்துவிட்டுப் போன கருப்புப் பெட்டிதான் இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறது என்று சொன்னாய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் கையில் பூச்சி ஊர்கிறது என்று உதறிக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சும்மா இரண்டு கிள்ளினேன். நீ மூன்று கிள்ளினாய். நான் நாலு. நீ ஐந்து. அப்படியே பதினொன்று வரைக்கும் போய், எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. நீ விடாமல் குறுகுறு குறுகுறு என்று கேலி செய்தாய். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நீ கேட்டுக்கொண்டபடி உன்னைப் பெற்றவளிடம் இதைச் சொல்லவில்லை. தனக்குச் செய்யாமல் கிழவிக்குச் செய்தாளே என்று அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்றாய், நியாயம்தான். சொல்வதற்கு எங்களுக்குள் பேச்சும் இல்லை. ஆனி வந்தால் மூன்று வருஷம். நீ பெங்களூருக்குப் படிக்கப் போகிறேன் என்று நின்ற அன்று, "பொண்ணை அவ்வளவு தூரம் தனியா விட்டு நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது" என்று நான் கேட்டேன். கேட்கக் கூடாததா? "அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள் அவள். கூடத்தில் சொந்தக்காரர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மூடின வாய். நீ காரணம் என்று நான் சொல்லவில்லை.

டெலிபோன் அவள் அறையில் இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். அஞ்சாங்கிளாஸ் கடுதாசி எழுதப் போதும்.

காசியம்மாள்


பெங்களூர்
14-2-2005

அன்புள்ள ஆயா,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் நின்றே படித்து முடித்தேன். பதினொன்று வரை போனீர்கள் என்பதை மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் உடம்பில் அணிகிற ஒன்றைச் செய்கிறோம். பேசாமலே இரண்டு பேர் விளையாட வேண்டும், அதுதான் பாடம். ஒருத்தி செய்த துப்பட்டாவில், தோழி அங்கே முடிச்சுப் போட்டால் இங்கே ஓரம் சிவக்கிறது. ஒருவன் செய்த தொப்பி, எதிரே அதே தொப்பி வந்தால் மினுக்குகிறது. பார்க்க அழகு. இரண்டு நாளில் சலித்துப்போய் மேஜையில் கிடக்கின்றன. "பேசிக்கொள்கிறவர்களுக்கு இது எதற்கு?" என்று எங்கள் சக்கரவர்த்தி சார் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் என் பட்டையை ஊருக்குக் கொண்டுவந்தேன். அதாவது, உங்களுக்குக் கொண்டுவந்தேன்.

உள்ளே இருப்பது பழைய செல்போனை அதிரவைக்கிற சின்ன மோட்டார். சத்தம் கேட்காமல் இருக்கப் பஞ்சு சுற்றியிருக்கிறேன். கிள்ளுகிற இடத்தில் ஓடுவது சாதா நூல் இல்லை, மின்சாரம் பாயும் நூல். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கிள்ளு வரும்போது, அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? என்னைப் பற்றித்தான் கேட்கிறேன். யோசித்து எழுதுங்கள். என் பிராஜெக்டுக்கு வேண்டும்.

நீங்களும் அம்மாவும் சமையலறைக்கு முறை வைத்துத்தான் இன்னும் போய் வருகிறீர்களா? சும்மா கேட்டேன்.

உங்கள்
கவி


திருவண்ணாமலை
6-3-2005

உ

கண்ணு கவிநிலாவுக்கு,

முறைதான். காலையில் பத்து மணிவரை அடுப்பு என்னுடையது, பிறகு அவளுடையது. நான் நுழைந்தால் அவள் வெளியே, அவள் நுழைந்தால் நான் வெளியே. சிலிண்டர் தீர்ந்துவிட்டால்கூட அவள் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள், நான் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன். மிச்சமெல்லாம் உங்கப்பா தசரதன் மூலமாக.

கிள்ளுகிறவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டாய். சொல்கிறேன். சின்ன வயதில் நீ அவசரக்காரி. சோற்றை ஊதுவதற்குள் வாயில் போடுவாய். இப்போது பொறுமை வந்திருக்கிறது. நான் கிள்ளினால் உடனே திருப்புவதில்லை. நான் மறந்துபோய் வேறு வேலையில் இருக்கும்போது மெல்ல ஒன்று. திருட்டுத்தனம். நான் தப்பாக எண்ணினால் விடமாட்டாய், ஆனால் கடைசியில் ஒன்று விட்டுக்கொடுப்பாய். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்று. எனக்கு அது தெரியாமல் இல்லை.

போன வாரம் முழங்கால் வலியில் சாயங்காலம் படுத்துவிட்டேன். விளக்குகூட வைக்கவில்லை. அப்போது ஒரு கிள்ளு வந்தது பார், நீளமாக, தடவிக்கொடுக்கிற மாதிரி. நான் படுத்திருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது? உன் தாத்தா போன பிறகு எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. இதை உன் நோட்டில் எழுத வேண்டாம்.

ஒரு சேதி. உங்கப்பா வேட்டவலம் ரோட்டில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறான். வைகாசியில் போகிறார்களாம். "ரெண்டு ஊமைக்கு நடுவுல தபால்காரனா இருந்து எனக்கு அலுத்துப்போச்சும்மா, தனியா இருந்தா யாராவது ஒருத்தராவது பேசுவீங்க" என்றான். போகட்டும். எனக்கு ஒரு ஆள் சாதம் வைத்துக்கொள்ளத் தெரியாதா? டெலிபோனையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கருப்புப் பெட்டி போய்விட்டால் நீ எப்படி வருவாய்? அதை மட்டும் கேட்டு எழுது.

காசியம்மாள்


பெங்களூர்
13-3-2005

அன்புள்ள ஆயா,

வீடு பார்த்ததை அப்பா என்னிடம் சொல்லவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் போனில் ஒன்றும் சொல்லவில்லை. குரல் மட்டும் கம்மியாக இருந்தது.

பெட்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது.

ஆயா, நீங்கள் ஒரு வார்த்தை 'போகாதே' என்று சொன்னால் அப்பா போகமாட்டார். அம்மாவிடம் பேச வேண்டாம், அப்பாவிடம் சொன்னால் போதும்.

30-ஆம் தேதி எங்களுக்குப் பிராஜெக்ட் தேர்வு. சார் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார். உங்கள் கடிதத்தில் அந்த நீளமான கிள்ளு பற்றி எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் நோட்டில் எழுதவில்லை.

கவி


திருவண்ணாமலை
28-3-2005

உ

கண்ணுக்கு,

நான் சொல்லமாட்டேன். போகிறவர்களைப் போகாதே என்றால், கிழவி சோற்றுக்குப் பயந்துவிட்டாள் என்று ஆகும்.

நீ அந்த இரண்டு நாள் எங்கே போனாய்? புதன், வியாழன் இரண்டு நாளும் ஒரு கிள்ளுகூட வரவில்லை. நான் கிள்ளிக் கிள்ளித் தோலே சிவந்துவிட்டது. அவளும் அந்த இரண்டு நாள் கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், வீடு வெறிச்சென்று கிடந்தது. நீயாவது இருந்திருக்கலாம். பரீட்சைக்குப் படித்தாயா?

வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். காலையில் பதினொரு மணி இருக்கும், வாசலில் நின்றேன். படபடவென்று ஏழெட்டு கிள்ளு, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளை மாதிரி. அந்த நேரம் பார்த்து அவளும் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு உள்ளே நுழைகிறாள். உனக்குப் பதில் கிள்ளுகிற அவசரத்தில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மலை சுற்றப் போனேன். செங்கம் ரோடு முழுக்க உன்னைக் கிள்ளிக்கொண்டே நடந்தேன், பதில் இல்லை. பெட்டியிலிருந்து தூரம் ஜாஸ்தி போலிருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் வந்தது. ஊர் தாண்டிப் பெங்களூர் போகிறது, செங்கம் ரோட்டுக்கு வரமாட்டேன் என்கிறதே, இது என்ன கணக்கு? உன் சாரிடம் கேள்.

காசியம்மாள்


பெங்களூர்
4-4-2005

அன்புள்ள ஆயா,

நீங்கள் கேட்ட கணக்குக்கு விடை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பட்டை பெங்களூருக்கு வருவதில்லை. அது ஒரு வீட்டுக்குள் மட்டும்தான் எட்டும். கூடத்திலிருந்து சமையலறைக்கு, வாசலிலிருந்து மாடிக்கு, அவ்வளவுதான். கருப்புப் பெட்டிக்குள் ஒரு பொட்டு விளக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் செய்தது இரண்டு பட்டை. ஒன்று உங்கள் கையில். இன்னொன்று அம்மா கையில்.

உங்களிடம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அம்மாவிடம் உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். மற்றவருக்கு இல்லாதது தனக்கு இருக்கிறது என்றால் இரண்டு பேரும் பத்திரமாக மறைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொன்ன அதே பொய்யைத்தான் அம்மாவிடமும் சொன்னேன். அம்மாவும் என்னோடு விளையாடுவதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதினொன்று வரை எண்ணியது நான் இல்லை. விட்டுக்கொடுத்ததும் நான் இல்லை. முழங்கால் வலியில் நீங்கள் படுத்திருந்தபோது வந்த கிள்ளும் நான் இல்லை. அன்றைக்கு நீங்கள் விளக்கு வைக்காததை அம்மா பார்த்திருப்பார். உங்களிடம் கேட்க முடியாது. வீடு இருட்டாகக் கிடந்ததில் மனசு கேட்காமல், எனக்கென்று நினைத்து ஒன்று கிள்ளியிருப்பார் என்று நினைக்கிறேன்.

தேர்வில் சக்கரவர்த்தி சார் ஒன்றே ஒன்று கேட்டார். "எதிர்ப்பக்கம் யார் என்று இருவருக்கும் தெரியுமா?" தெரியாது என்றேன். "தெரியாமல் விளையாடுகிறவர் விளையாடவில்லை, அவரை வைத்து நீ விளையாடுகிறாய்" என்றார். இருவருக்கும் தெரிவிக்காமல், உங்களைப் பற்றி நான் எழுதிய பக்கங்களைப் பிராஜெக்டில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்காக எழுதவில்லை. நீங்கள் செங்கம் ரோடு முழுக்கக் கிள்ளிக்கொண்டே நடந்தீர்கள் என்று படித்த பிறகு என்னால் முடியவில்லை.

என்னால் மூடின வாய் என் கையால் திறக்கும் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

கவி


திருவண்ணாமலை
9-4-2005

கவிநிலாவுக்கு,

கடுதாசி வந்தது. இரண்டு தரம் படித்தேன்.

அஞ்சாங்கிளாஸுக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் அன்றைக்கு வாயால் சொன்னாள். நீ செய்தே காட்டிவிட்டாய். அவளாவது ஏழு பேர் முன்னால் சொன்னாள். நீ எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினாய் என்று எனக்குத் தெரியாது.

பட்டையைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன்.

அவளிடம் சொல்லாதே. மூன்று மாசம் நான் அவளோடு கொஞ்சிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நான் இந்த வீட்டில் நிற்கமாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

காசியம்மாள்


பெங்களூர்
20-4-2005

ஆயா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா தினமும் போன் செய்கிறார். பட்டை பேசுவதில்லையாம். உடம்பு சரியில்லையா, என்னிடம் எதையாவது மறைக்கிறாயா, யாராவது உன்னை ஏதாவது செய்தார்களா என்று கேட்டு அழுகிறார். பேட்டரி கெட்டுவிட்டது என்றேன். நம்பவில்லை. "போன்ல யாரும் நல்லாருக்கேன்னு சொல்லலாம், கையில பொய் சொல்ல முடியாது" என்கிறார். என்ன சொல்வேன்?

உண்மையைச் சொன்னால் உங்களுக்கு அவமானம். சொல்லாமல் இருந்தால் அம்மா சாப்பிடமாட்டார். எப்படிப் பார்த்தாலும் நான் செய்ததுதான்.

யாருக்கும் படித்துக் காட்டவில்லை ஆயா. சார் ஒருவருக்குத்தான் முழுசும் தெரியும்.

எனக்கென்று மூன்றாவதாக ஒரு பட்டை நான் செய்துகொள்ளவே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கிள்ளியதாகச் சொல்வதைக் கேட்டு என் கையைப் பார்த்துக்கொள்வேன். வெறும் கை.

கவி


திருவண்ணாமலை
2-5-2005

கவிநிலாவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அவள் கை அடிக்கடி தோள்பக்கம் போவதை முன்னாலேயே பார்த்திருக்கிறேன். வேர்க்குரு என்று நினைத்தேன். இப்போது தெரியும். சாதம் வடிக்கிறாள், கை போகிறது. மூன்று கிள்ளு. நிற்கிறாள். பதில் இல்லை. பானையை நிமிர்த்துகிறாள். மறுபடியும் மூன்று. கூடத்தில் உட்கார்ந்து நான் இதைப் பார்க்கிறேன். பதில் சொல்ல வேண்டியது அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது. இரண்டு வாரம் இதைப் பார்த்தேன் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பகல் பதினொரு மணிக்கு வெறுங்காலோடு மலை சுற்றக் கிளம்பினாள். உனக்காக வேண்டுதல் என்று உங்கப்பா சொன்னான். சித்திரை வெயில், தார் ரோடு. மூன்று மணிக்குத் திரும்பினபோது பாதத்தை ஊன்றாமல் பக்கவாட்டில் வைத்து நடந்தாள். இரண்டு காலும் கொப்புளம். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு என்று வைக்கவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். காலில் ஊற்றிக்கொண்டாள்.

அன்றைக்கே பட்டையை எடுத்துச் சார்ஜில் போட்டேன். காலையில் என் முறை முடிந்து அவள் அடுப்படிக்குப் போனதும் ஒரே ஒரு கிள்ளு. உள்ளே தட்டு விழுந்த சத்தம். பிறகு என் கை குறுகுறுத்துக்கொண்டே இருந்தது, விடவே இல்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கூடத்துக்குக் கேட்டது.

ஒரு வாரமாக இப்படித்தான் போகிறது. அவள் சாப்பிடுகிறாள். நான்தான் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். முன்னே உன் பொய்யில் இருந்தேன், இப்போது என் பொய்யில் இருக்கிறேன். அவள் கொஞ்சுவது உன்னை. வாங்கிக்கொள்வது நான். எனக்கு வந்தது என்று நான் மூன்று மாசம் வைத்துக்கொண்டிருந்ததெல்லாம் உனக்கு வந்தது. நான் அனுப்பியதும் அப்படித்தான், உனக்கு. நடுவில் நாங்கள் இரண்டு பேரும் எடுத்துத் தின்றுவிட்டோம்.

காசியம்மாள்


பெங்களூர்
9-5-2005

அன்புள்ள ஆயா,

நீங்கள் கிள்ளியதை அம்மா போனில் சொன்னார். "வந்துட்டா, வந்துட்டா" என்று யாரோ ஊரிலிருந்து வந்து இறங்கிய மாதிரி சொன்னார். நான் சரி சரி என்றேன்.

அந்தப் பக்கங்களைப் பிராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு ஏதாவது செய்து டிசம்பரில்தான் கொடுக்க முடியும். அது பரவாயில்லை.

இந்த மாதக் கடைசியில் நானே வந்து அம்மா காலில் விழுந்து சொல்கிறேன். அதுவரை கிள்ளுவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினாலும் சரிதான். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. நீங்கள் இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம், அது மட்டும் தெரிகிறது.

கவி


திருவண்ணாமலை
22-5-2005

உ

கண்ணு கவிநிலாவுக்கு,

நீ வரும்வரை என்னால் தாங்க முடியவில்லை. நானே சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பது சரியில்லை, காட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம், அவள் முறையில், சமையலறைக்குள் போனேன். வழக்கம்போல அகப்பையை வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினாள். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டினேன். பட்டையைப் பார்த்தாள். உடனே தன்னுடையதைப் பொத்திக்கொண்டாள், யாரோ பிடுங்க வந்த மாதிரி. அவள் கண் முன்னாலேயே கிள்ளினேன். மூன்று.

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. நான்தான் காஸை மூடினேன்.

"எத்தினி நாளா?" என்றாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது இதுதான்.

"பொங்கல்லேர்ந்து. எனக்கும் தெரியாது. பங்குனி கடைசியிலதான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகும் கிள்ளினீங்களே."

வழியை விட்டு நகர்ந்தேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் கருப்புப் பெட்டியை ஸ்குரூ டிரைவரால் திறந்தாள். பொட்டு விளக்கை எடுத்து உங்கப்பாவிடம் காட்டி, "உங்க பொண்ணு நாலு மாசம் இதை என்னைத் தினமும் துடைக்க வச்சா" என்றாள். அவன் சிரித்துவிட்டான். அதற்கும் திட்டு வாங்கினான். பட்டையைக் கழற்றி அந்தப் பெட்டி மேலேயே வைத்துவிட்டாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் சுவரைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. முன்னே இருந்த மௌனம் எனக்குப் பழகிப்போனது. இது வேறு மாதிரி. இதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது.

இன்றைக்குக் காலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு கட்டை அவளும் பிரித்தாள். பாதிக் கட்டு ஆய்ந்த பிறகு கேட்டாள்:

"அத்தை, அவ நெஜமாவே நல்லாதான் இருக்காளா? போன்ல நல்லாருக்கேன்றா. கையில நல்லாருக்கேன்னு சொன்னது அவ இல்ல. நான் எதை நம்பறது?"

எனக்கும் கடுதாசிதான் தெரியும் என்றேன். நாம் இரண்டு பேரும் ஒரே பெட்டியைத்தான் நம்பினோம் என்றும் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோதே நீ இளைத்திருந்தாயாம், அவளிடம் எதையோ மறைக்கிற முகமாக இருந்ததாம். அது அந்தப் பொய்யின் முகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டேன். அஞ்சாங்கிளாஸ் என்று அன்றைக்குச் சொன்னதற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கீரை மட்டும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

உன் சாரிடம் இப்படிச் சொல்: இரண்டு பேருக்கும் இப்போது தெரியும். தெரிந்த பிறகு விளையாடினார்களா என்று கேட்டால், இன்னும் இல்லை என்று சொல். எடுத்த பக்கங்களைத் திரும்ப வைக்கிறதும் வைக்காததும் உன் இஷ்டம். முழங்கால் வலி விஷயத்தை வேண்டுமானால் எழுதிக்கொள். எழுதினால் கிள்ளினவள் பேரை அருணாதேவி என்று சரியாகப் போடு.

வெள்ளிக்கிழமைக்கு உங்கப்பா லாரி சொல்லியிருக்கிறான். பீரோவைக் கயிறு போட்டுக் கட்டிக் கூடத்தில் நிறுத்தியாயிற்று. பாத்திரங்கள் மட்டும் இன்னும் மூட்டை கட்டவில்லை. அவளுக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். நீ மாதக் கடைசியில் வருவாய் என்றேன். அதுவரை பொறுக்காதாம். முகம் மட்டும் போதாது, ஆள் முழுசாகத் தெரிய வேண்டும், கழுத்தெலும்பு துருத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறாள். உன் போட்டோ ஒன்று தபாலில் வருகிறவரைக்கும் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன், புது வீட்டு வாசல் தபால்காரருக்குத் தெரியாது என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்தேன்.

அதனால் நல்ல ஸ்டூடியோவாகப் பார்த்துப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. எங்கள் இரண்டு பேர் பேரும் போட்டு அனுப்பு. நிதானமாக எடு. ஒன்றும் அவசரம் இல்லை.

காசியம்மாள்